மண் எடுத்துச் சொன்ன சொல்

கொழும்பு
12-9-1937

அன்புள்ள தம்பி மாதேஸ்வரனுக்கு அண்ணாமலை எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். தனுஷ்கோடியில் கப்பலேறும்போது காற்று அதிகம். சிவப்பு மீசைத் துரை மட்டும் வாந்தி எடுத்துக் கிழிந்த துணியாகிவிட்டார். மோட்டார் சைக்கிள்கள் நான்குக்கும் ஒரு கீறல் இல்லை.

கொழும்புக்கு வந்ததிலிருந்து நம் மலைப் பேச்சுத்தான். லீவுக்கு ஊட்டி போகலாம் என்றிருந்த துரைமார்களைக் கொல்லிமலைக்கு இழுத்து வந்தவன் நான் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் எனக்குத் தனி மரியாதை. மூத்த துரை பார்க்கிறவரிடமெல்லாம், நாற்பது ஆள் வண்டிகளை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு காரவள்ளிப் பாதையில் ஏறியதைச் சொல்கிறார். சக்கரம் தனி, உடம்பு தனி என்று பிரித்துத் தூக்கி, மேலே வந்து நான் பூட்டிய கதை அவர் வாயில் தினம் ஒரு முழம் வளர்கிறது. ஒரு நாள் முழுக்க அந்த மலைமேல் நான்கு வண்டியும் ஓடியதே தம்பி! வாசலூர்பட்டியில் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஒரு கிழவர் வண்டிக்குப் புல் காட்டினார். ஆகாச கங்கை அருவியைப் பார்த்துவிட்டு மூத்த துரை சாரலில் நனைந்துகொண்டே நின்றார்.

முன்னால் போன வண்டி என்னுடையது. பூட்ஸ், கண்ணாடி, தோல் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு நம் மலையில் நானே வழிகாட்டிப் போனேன். உங்கள் ஆட்கள் என்னையும் துரை என்று நினைத்துக் கும்பிட்டார்கள். நான் யார் என்று நீ சொன்னாயோ இல்லையோ.

சாயங்காலம் அருவிப் பக்கமாகவே புளியஞ்சோலைக்கு இறங்கிவிட்டதால் உன்னிடம் சொல்லிக்கொண்டு வர முடியவில்லை. உன் வீட்டில் பொன்னாயி சமைத்து வைத்திருந்ததையும் சாப்பிடவில்லை. கருப்பன் மேட்டில் கொஞ்சம் அவசரமாகப் போய்விட்டோம். அதற்கு உனக்குக் கோபம் ஒன்றும் இல்லையே? இத்துடன் ஒரு போட்டோ இருக்கிறது. நடுவில் நிற்பது நான்தான்.

மகள் பெருமாயி கல்யாணத்துக்கு நாள் குறித்ததும் எழுது.

அண்ணாமலை

*

திருப்புலி நாடு
ஈஸ்வர வருஷம், புரட்டாசி 14

அண்ணா அவர்களுக்கு மாதேஸ்வரன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதமும் போட்டோவும் சந்தைக்குப் போனவர்கள் வழியாகக் கிடைத்தன. அதைக் கொண்டுவந்தவர் என் கையில் கொடுக்கவில்லை. வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஏன் என்று எழுதுகிறேன்.

வெளி ஆட்களை மலைக்குள் கூட்டிவருகிறவன் கருப்பன் கோயில் மண்ணைக் கையில் எடுத்து, மலை முறைகளை ஒன்று விடாமல் அவர்களிடம் சொல்லிவிட்டேன் என்று ஊர்க்கவுண்டர் முன்னால் சொல்ல வேண்டும். இது உங்களுக்கும் தெரியும். நான் சொன்னேன். அன்று விடிந்ததும் நீங்கள் வண்டிக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கருப்பன் மேட்டுக்கு இந்தப் பக்கமே எல்லாரும் இறங்க வேண்டும், செருப்பையோ பூட்ஸையோ கழற்ற வேண்டும், வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும் என்றேன். நீங்கள் ஸ்பானரை வாயில் கவ்விக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். அதற்குப் பிறகுதான் நான் போய் மண் எடுத்தேன்.

நான் பின்னால் ஓடிவந்து சேர்ந்தபோது மேட்டில் உங்களில் யாரும் இல்லை. நோன்புக்காகப் பெண்கள் புதுமண் கொட்டிச் சமன் செய்து வைத்திருந்தார்கள். அதன்மேல் நான்கு வண்டித் தடம் நேராகப் போயிருந்தது. பக்கத்தில் ஒரு காலடிகூட இல்லை. யாரும் இறங்கவில்லை என்று குருடனுக்குக்கூடத் தெரியும்.

ஊர்க்கவுண்டர் சின்னுசாமியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். “ஏனுங்க மாதேசு, நீ சொல்லாம உட்டியா, அவுங்க கேக்காம போனாங்களா?” என்றார். சொன்னேன் என்றேன். “அப்ப கேட்டவரு வந்து மண்ணைத் தொட்டுச் சொல்லட்டும். அது வரைக்கும் நீ ஒதுங்கியிரு சாமி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. முறை அப்படி.

எங்கள் வீட்டுக்கு இப்போது யாரும் நெருப்புக் கொடுப்பதில்லை. எங்கள் தண்ணீரைக் குடிப்பதில்லை. சாமை அறுப்புக்கு ஆள் வராமல் நானும் பொன்னாயியும் பெருமாயியும் மட்டும் அறுத்தோம். பாதி மழையில் கொட்டிப்போயிற்று. அது போகட்டும். பெருமாயியை ஆலத்தூர் நாட்டுக் கருப்பண்ணன் மகனுக்குத் தை மாதம் கொடுப்பதாக இருக்கிறது. ஒதுக்கி வைத்த வீட்டில் பெண்ணெடுக்க முடியாது என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார். கார்த்திகைக் கடைசியில் பத்து ஊரும் கூடும் நாட்டார் கூட்டம். அதற்குள் தீர்ந்தால் கல்யாணம் நடக்கும், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

கடிதம் செல்லாது. நீங்களே வர வேண்டும். நான் சொன்னேன், நீங்கள் கேட்டீர்கள், கேட்டும் போனீர்கள் என்று மண்ணைத் தொட்டுச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வரும் தண்டனை, இனி மலையேறக் கூடாது என்பதுதான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

நான் சொன்னேனா இல்லையா அண்ணா? அதை மட்டுமாவது உடனே எழுதுங்கள்.

மாதேஸ்வரன்

*

கொழும்பு
11-10-1937

தம்பி மாதேஸ்வரனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து மனசு சரியில்லை. இவ்வளவு பெரிதாகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு மண்மேட்டின்மேல் சக்கரம் போனதற்கு ஒரு குடும்பத்துக்கு நெருப்பும் தண்ணீரும் இல்லையா? நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நீ. அவர்களுக்கு நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சொன்னாய்தான். நானும் துரைமார்களிடம் சொன்னேன். ஆனால் இன்ஜின் சத்தத்தில் அவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது. அவர்கள் போய்விட்டதால் நானும் போகும்படி ஆயிற்று. யார்மேலும் தப்பு இல்லாத காரியம் இது.

இப்போதுதான் லீவு எடுத்து வந்தேன். திரும்பவும் கேட்டால் மூத்த துரை என்ன நினைப்பார்? ஆனால் உன்னை நான் விட்டுவிடவில்லை. துரைக்குச் சேலத்தில் கலெக்டர் ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறாராம். ஒரு கடிதம் வாங்கி அனுப்பினால் ரெவின்யூ ஆட்கள் மலைக்கு வந்து கவுண்டரிடம் பேசுவார்கள். ஒரே நாளில் தீர்ந்துவிடும். என்ன சொல்கிறாய்?

இன்னொன்றும் யோசித்துப் பார். என் அம்மாவின் கடை உங்கள் மலைத் தேனையும் மிளகையும் நம்பித்தான் நடக்கிறது. நான் வந்து அப்படிச் சொல்லிவிட்டால் மலையாட்கள் அந்தக் கடை வாசலை மிதிப்பார்களா? வயதான காலத்தில் அவள் என்ன செய்வாள்?

பொன்னாயியைத் தைரியமாக இருக்கச் சொல்.

அண்ணாமலை

*

திருப்புலி நாடு
ஐப்பசி 20

அண்ணா அவர்களுக்கு,

கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் மலைக்கு வந்தால் அன்றோடு நான் செத்தவன். என் நாட்டார்மேல் சர்க்காரை ஏவிவிட்டவன் என்ற பேர் என் பேரன் காலத்திலும் போகாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்ஜின் சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்னால் போன வண்டி என்னுடையது என்று எழுதியவரும் நீங்கள்தான். இரண்டு கடிதமும் என்னிடம் இருக்கின்றன. முன்னால் போனவர் நின்றிருந்தால் பின்னால் வந்தவர்கள் எப்படிப் போயிருப்பார்கள்? நீங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை. எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்குக் கோபமாக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. அதனால் எழுதிக் கிழித்து மூன்றாவது தாளில் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் கடையைப் பற்றிச் சொன்னீர்கள். படித்த நாலு வருஷமும் உங்கள் வீட்டில் அந்த அம்மா கையால் சாப்பிட்டவன் நான். உங்களுக்கு வைத்த குழம்பில் எனக்குக் குறைத்து வைத்ததில்லை. அந்தக் கடைக்கு ஒன்றும் ஆகாமல் கவுண்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மகன் செய்ததற்குத் தாய்மேல் போக மாட்டார்கள்.

பொன்னாயி ஒவ்வொரு சந்தை நாளும் பாதை முனையில் போய் நிற்கிறாள். “ஏனுங்க, உங்க அண்ணன் வருவாருங்களா?” என்று கேட்கிறாள். வருவார் என்கிறேன். பெருமாயி கேட்பதில்லை. தன் வயதுப் பெண்கள் தண்ணீருக்குப் போய்த் திரும்பும் வரை காத்திருந்து, தான் மட்டும் குடத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். அதைப் பார்க்க எனக்குப் பலமில்லை.

நான் சொன்னது பொய்யில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். கார்த்திகை இருபத்தெட்டில் கூட்டம். இரண்டு நாள் முன்னால் அடிவாரத்துக்கு வந்துவிட்டால் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். வாருங்கள் அண்ணா.

மாதேஸ்வரன்

*

கொழும்பு
20-12-1937

தம்பி மாதேசா,

கூட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் கிடைத்து ஒரு மாதம் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை என்று எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். கேட்டால்தானே கிடைக்காமல் போகும்? நான் கேட்கவே இல்லை.

இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ சொன்னாய். நான் கேட்டேன். துரைமார்களிடம் சொல்லவில்லை. மறந்துபோகவும் இல்லை. மேடு கண்ணுக்குத் தெரிந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தூக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். அதற்கு முந்தின நாள் நாமக்கல்லில் சிவப்பு மீசைத் துரை, ஒரு கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவரைப் பார்த்துச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அதே துரையைப் பார்த்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு வண்டியைத் தள்ளுங்கள், இங்கே எங்கள் சாமி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் சாமி என்று சொல்ல வெட்கப்பட்டேன். இன்னொன்றும் உண்டு. மேட்டின் அந்தப் பக்கம் உங்கள் ஊர் ஜனங்கள் நின்றிருந்தார்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு நான் வருவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, வேர்க்க வேர்க்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிற கடைக்காரி மகனாக அவர்கள் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. இதற்காகத்தான் உன் வீட்டு அடுப்பு அணைந்தது.

அம்மாவின் கடையைச் சாக்குச் சொன்னேன். அதுவும் பொய். அவளுக்கு விஷயம் தெரிந்தால் கடையைப் பூட்டிவிட்டு என்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளே மலையேறியிருப்பாள்.

இன்று காலை மூத்த துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோஷமாக இறங்கியிருப்பேனே, அண்ணாமலை” என்றார். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவ்வளவு சுலபமான காரியம் அது மாதேசா. ஒரு வார்த்தை.

லீவு கொடுத்துவிட்டார். பொங்கல் அன்று கப்பல். தை ஆறாம் தேதி அடிவாரத்தில் இருப்பேன். கூட்டம் முடிந்திருந்தாலும் கவுண்டர் வீட்டு வாசலில் போய் நின்று, ஊரைக் கூட்டச் சொல்லி, மண்ணைத் தொட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன். அதற்குப் பிறகு மலையைக் கீழே நின்று பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சம்மதம். உன் பேர் சுத்தமானால் போதும்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வந்து கேட்கிறேன்.

அண்ணாமலை

*

அடிவாரம்
மார்கழி 27

அண்ணா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. பதில் கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நீங்கள் புறப்பட்டிருப்பீர்கள். அதனால் உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மொட்டைத் தலையைப் பார்த்து என்ன வேண்டுதல் என்று கேட்டார்கள். வேண்டுதல்தான் என்றேன். சோறு போட்டார்கள். சாப்பிட்டேன்.

கார்த்திகை இருபத்தாறும் இருபத்தேழும் நான் இங்கே வந்து சாலையில் நின்றேன். எல்லா பஸ்ஸையும் பார்த்தேன். இருபத்தெட்டு காலையில் மலையேறினேன்.

கூட்டத்தில் கவுண்டர் கேட்டார். “சாட்சி வரலீங்களா?” என்றார். வரவில்லை என்றேன். ஆலத்தூர் நாட்டுக் கருப்பண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். சொன்னேன் என்று நான் நின்றால், சாட்சி வரும் வரை வருஷக்கணக்கானாலும் ஒதுங்கித்தான் இருக்க வேண்டும். சொல்லத் தவறினேன் என்று ஒப்புக்கொண்டால் தண்டம் ஏற்று அன்றே ஊருக்குள் வரலாம். பெருமாயி பெண்கள் கூட்டத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மண்ணைக் கையில் எடுத்து, அண்ணாமலையிடம் மேட்டு முறையைச் சொல்ல மறந்துவிட்டேன், மறந்தது தெரியாமலே முன்பு மண் எடுத்தேன், தப்பு என்னுடையது என்றேன்.

தலையை மழித்தார்கள். பத்து ஊர் வாசலிலும் போய் விழுந்து எழுந்தேன். கிடா வெட்டி எல்லாருக்கும் சோறு போட்டேன். சாப்பிட்டார்கள். பொன்னாயி வாசலுக்கே ஆள் வந்து நெருப்புக் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே எடுத்துக் கொடுத்தாள். கல்யாணம் தை பத்து. கருப்பண்ணன் வெற்றிலை மாற்றிவிட்டார். நல்ல மனிதர்.

ஒன்றுதான் போனது. இனிமேல் நான் மண் எடுக்கக் கூடாது. யாருக்காகவும் கூட்டத்தில் பேசக் கூடாது. எங்கள் அப்பன் பேசினால் இரண்டு நாட்டில் கேட்பார்கள். மகள் கல்யாணத்தில் பெண்ணைக் கொடுத்தேன் என்று தகப்பன் சொல்லும் சொல்லைக்கூட, எனக்குப் பதிலாக என் பங்காளி அர்த்தனாரி சொல்லப் போகிறார். நான் பக்கத்தில் நிற்பேன்.

நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். உங்கள்மேல் இருந்த கோபம் பாதி போயிற்று. மீதியும் போய்விடும் என்று நினைக்கிறேன். எப்போது என்று தெரியவில்லை.

ஆனால் மலைக்கு வராதீர்கள் அண்ணா. இப்போது நீங்கள் வந்து உண்மையைச் சொன்னால், நான் கருப்பன் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவன் ஆவேன். முன்பு சுமத்தியது தவறவிட்ட குற்றம். இது பொய்ச் சத்தியம். இதற்குத் தண்டம் கிடையாது. அந்தப் பொய்யின்மேல்தான் என் மகள் கல்யாணம் நிற்கிறது. நான் சாகும் வரை அது உண்மையாகவே இருக்க வேண்டும். நீங்களும் அதை உண்மையாகவே வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் கடிதங்களை நான் போட்டுவிட்டேன்.

மாதேஸ்வரன்

*

அடிவாரம்
தை 8

மாதேசா,

முந்தாநாள் வந்தேன். அம்மா உன் கடிதத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்து கொடுத்தாள். படித்தேன், அடுப்பில் போட்டேன். இதையும் நீ அப்படியே செய்துவிடு. பெருமாயிக்கு எடுத்த சேலையை அம்மா அனுப்பியதாகச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறேன். அவள் கட்டிக்கொள்ளட்டும்.

நேற்றுச் சந்தையில் சின்னுசாமிக் கவுண்டர் என்னைப் பார்த்துவிட்டார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உங்களோடு வந்த துரைமார் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு என்னைத் தனியாக ஓரத்துக்குக் கூட்டிப் போய், “உங்க மேல தப்பு ஒண்ணுமில்லீங்க சாமி. உங்களுக்கு முறை தெரியாது, அவன் சொல்லாம உட்டுட்டான். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு வாங்க, மலை உங்க ஊடு மாதிரி” என்றார்.

உண்மை என் வாய் வரைக்கும் வந்தது மாதேசா. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “சின்ன வயசுல இருந்தே உங்க ஊட்டுச் சோத்தைத் தின்னவன் இப்படிப் பண்ணிப்போட்டானேனு உங்களுக்கு வருத்தமா இருக்கும்” என்றார்.

நான் தலையாட்டினேன்.

அண்ணாமலை